பல்லிப்பெட்டி

பெட்டி வந்து இறங்கின அண்டைக்கே கொலனிச் சனம் அதுக்குப் பேர் வைச்சிட்டுது. பல்லிப்பெட்டி. பேர் வைக்கிறதுக்கு எங்கட சனத்துக்கு ஆரும் சொல்லிக் குடுக்கவேணுமே? அதுக்கு நீட்டுக்கு ஒரு இங்கிலீசுப் பேர் இருந்தது. கொண்டந்த யோகலிங்கம் ஐயா ரெண்டு மூண்டு தரம் சொல்லியும் பாத்தார், ஒருத்தற்றை நாக்கிலையும் ஏறேல்லை. தோளிலை கொழுவிற ஒரு இரும்புப் பெட்டி, முகத்திலை ஆடுற ஒரு முள்ளு, காதுக்கு மாட்ட ரெண்டு சிரட்டை மாதிரிச் சாமான். காதுச் சிரட்டையைக் கழட்டிவிட்டால் பெட்டி தானே வெளியிலை சொல்லும். டிக், டிக்டிக், டிக். கூரைக்குள்ளை பல்லி சொல்லுற அதே சத்தம்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, வைகாசி மாசம். துணுக்காய்க்கு அங்காலை காடு வெட்டிக் காணி குடுத்துச் சில வருசம்தான். யாழ்ப்பாணப் பக்கத்திலையிருந்து வந்து குடியேறின குடும்பங்கள், ஒரே வரிசையிலை வீடுகள், பின்னாலை மேட்டுக்காணி, அதுக்கும் அங்காலை வயல். யோகலிங்கம் மண் பாத்துப் படம் கீற எண்டு கொழும்பிலையிருந்து வந்தவர். எந்தக் காணியிலை தண்ணி நிக்கும், எதிலை இறங்கி ஓடிப்போகும் எண்டு அறிஞ்சுதான் வாய்க்கால் வெட்டுவினமாம். கிடங்கு கிண்டிக் கிண்டிப் பாக்கிற வேலையை இந்தப் பெட்டி நடந்துகொண்டே செய்துபோடும் எண்டார்.

"மண்ணுக்குள்ளையிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் நெடுக எழும்பிக்கொண்டிருக்கு. கல்லு உக்கி வந்த மண்ணிலை கூட. வெறும் வெள்ளை மணலிலை குறைவு. தண்ணி ஊறின இடத்திலை அமுங்கிப் போகும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு சத்தம்" எண்டு அவர் விளங்கப்படுத்தினார்.

சனம் கேட்டுக்கொண்டு நிண்டது. விளங்கினமாதிரித் தலையையும் ஆட்டினது. ஆனால் மனசிலை கொண்டுபோனது வேறை. கதைச்சுக்கொண்டிருக்கேக்கை பல்லி சொன்னால் கதைச்ச கதை மெய் எண்டது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பெட்டி வாயே மூடாது. அப்ப அதுக்கு முன்னாலை நிண்டு எதைச் சொன்னாலும் மெய்யோ எண்டு பக்கத்துக் காணி இளையதம்பியர் கேட்டார். கேட்டிட்டுச் சும்மா இருந்தாரோ, "என்ர மனிசி வாயில்லாப் பூச்சி" எண்டு பெட்டியைப் பாத்துச் சொன்னார். அந்த நேரம் பாத்து அது ஒரு மூச்சு அடங்கிக் கிடந்தது. அண்டு முழுக்கச் சனம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சது. மனிசி அன்னபாக்கியம் அவருக்குப் பின்னேரத் தேத்தண்ணி குடுக்கேல்லை எண்டும் கேள்வி.

சிரிப்பு ரெண்டு நாள்தான். பிறகு சனம் பெட்டிக்கு முன்னாலை வாயைத் திறக்கத் தயங்கினது. உது மண் பாக்கிற பெட்டியில்லை, புதையல் பாக்கிற பெட்டி எண்டு ஒரு கதை கிளம்பினது. அந்தக் காட்டுக்குள்ளை பழைய செங்கல்லும் உடைஞ்ச தூணும் கிடந்தது மெய்தான். காடு வெட்டின நாளிலையிருந்தே அதுகளைச் சுத்திப் புதையல் கதை இருந்துகொண்டுதான் இருந்தது. பெட்டி வர, அது திரும்பவும் உயிர் பிடிச்சுது.

கமலாசனி இந்தக் கூட்டத்துக்குள்ளை நிக்கிறதில்லை. இளையதம்பியற்றை காணிக்குப் பக்கத்துக் காணிதான் அவளின்ரது. தன்ர பாட்டிலை வருவாள், தண்ணி அள்ளுவாள், போவாள். போன ஐப்பசியிலை அவளின்ர பிள்ளை செத்தது. ராசன் எண்டு கூப்பிடுகிறவை. தலைச்சன், ஆம்பிளைப் பிள்ளை, அப்பதான் தவழத் துவங்கினவன். காய்ச்சல் வந்தது, வயித்தாலை போனது, மாங்குளம் ஆசுப்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போகேக்கை பாதி வழியிலை அடங்கிப்போனான்.

அவளைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டந்தது ஒரு தகர டப்பா. யோகலிங்கம் காலமையிலை வேலை துவங்க முதல் சட்டைப் பையிலையிருந்து அதை எடுத்துப் பெட்டிக்குக் கீழை பிடிப்பார். உடனை பெட்டி விசர் பிடிச்சமாதிரிச் சொல்லும், டிக்கு டிக்குக்கு இடையிலை இடைவெளியே இராது. பெட்டி ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாக்கிறதுக்காம். குடத்தோடை போன கமலாசனி அந்தச் சத்தத்துக்கு நிண்டாள்.

"அதுக்குள்ளை என்ன கிடக்கு ஐயா?"

"கடல் மண், அக்கா. முல்லைத்தீவுக்குத் தெற்கை, கொக்கிளாய்ப் பக்கம் கரையிலை அள்ளினது. இந்தப் பக்கத்திலை இதுக்குத்தான் சத்தம் கூட." அவர் மூடியைத் திறந்து காட்டினார்.

கறுத்த மணல். வெயில் பட மினுங்கினது. கமலாசனிக்கு இடுப்பிலை இருந்த குடம் வழுக்கினது. அவளுக்கு அந்த மண்ணைத் தெரியும். முல்லைத்தீவிலையிருந்து கருவாடு கொண்டுவாற ஜமால்தீன் நானாட்டைச் சொல்லி, அவளின்ர மனிசன் தவராசா ஒரு சாக்கு நிறைய அந்த மணல்தான் எடுப்பிச்சவன். கொலனி மண் மழைக்குக் களி, வெயிலுக்குக் கட்டி. பிள்ளை தவழ முழங்கால் தேயும் எண்டு தாவாரத்துக்குக் கீழை மெத்தைமாதிரிப் பரவிவிட்டான். ராசன் அதுக்குள்ளைதான் கிடப்பான். ராவிலை குளிப்பாட்டேக்கை கழுத்து மடிப்பிலையும் விரலிடுக்கிலையும் கறுப்பு மினுக்கம் இருக்கும்.

அவன் செத்த அண்டு, கிடங்கு வெட்டத் தவராசா அலவாங்கை எடுக்கேக்கை அவள் ஒண்டுதான் சொன்னாள். "அந்தக் கட்டி மண்ணைப் பிள்ளைக்கு மேலை போடாதேங்கோ, நோகும். அவன்ர மணலைப் போடுங்கோ." எங்கட ஆக்களிலை பொம்பிளையள் சுடலைக்குப் போறதில்லை. கொலனிக்குச் சுடலை எண்டு ஒண்டு அப்ப இல்லை, பின்காணியிலை பாலைமரத்துக்குக் கீழைதான் தாட்டது. ஆனாலும் முறை முறைதானே. அவள் குசினிக்குள்ளை இருந்தாள், மணல் சாக்கை இழுத்துக்கொண்டு போற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாளே தாய் வந்து அவளைக் கொடிகாமத்துக்குக் கூட்டிக்கொண்டு போட்டா. மாரி முடிஞ்சு தையிலைதான் திரும்பி வந்தாள்.

வந்து பாத்தால் மனிசன் வேறை மனிசன். கதையில்லை. அவளோடை படுக்கிறதுமில்லை, நெல்லு மூட்டைக்குப் பக்கத்திலை சுவரோரமாப் பாயைப் போட்டு அதிலை கிடப்பான். மத்தியானத்திலையும் அங்கைதான். பிள்ளை செத்ததுக்குத் தன்னிலைதான் பிழை பிடிக்கிறான் எண்டு கமலாசனி நினைச்சாள். கேக்கப் பயம். 'ஓம்' எண்டு சொல்லிப்போட்டான் எண்டால் அதுக்குப் பிறகு என்ன செய்யிறது?

இப்ப, அந்தத் தகர டப்பாவைக் கண்ட பிறகு, அவளுக்கு ஒரு ஆசை பிடிச்சுது. விசர் ஆசைதான். உந்தப் பெட்டியைப் பாலைமரத்துக்குக் கீழை கொண்டுபோனால் ராசன்ர மணல் சொல்லும். அவனுக்கு மேலை கிடக்கிற மணல். அதைக் காதிலை வைச்சுக் கேக்கவேணும். ஒருக்காக் கேட்டால் காணும்.

மனிசனிட்டைச் சொன்னாள். தவராசா சாப்பாட்டுக் கோப்பையிலையிருந்து தலையை நிமித்தேல்லை.

"எங்கட காணிக்குள்ளை உந்தப் பெட்டி வரத் தேவையில்லை."

"எல்லாக் காணிக்குள்ளையும் வருதாமப்பா."

"வரட்டும். மரத்தடிக்குப் போகத் தேவையில்லை."

அவன் பிறகு சோறு தின்னேல்லை, கையைக் கழுவிட்டுப் பாயிலை போய்க் கிடந்தான். கமலாசனிக்கு அவன் மறிச்சது துக்கம், மறிச்ச விதம் பயம். பிள்ளைக்கு மேலை நடக்கவேண்டாம் எண்டு சொல்லுற குரலில்லை அது.

அவன் துணுக்காய்க்கு விதைநெல்லுக்கு எண்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, மத்தியானம், யோகலிங்கம் அவையின்ர காணிக்கு வந்து சேர்ந்தார். நல்ல உச்சி வெயில். காத்து இல்லை, ஒரு குருவி கத்தேல்லை. பெட்டி வந்தால் சனமும் வரும், வேலிக்கு அங்காலை இளையதம்பியர், அன்னபாக்கியம், இன்னும் வரிசை வீட்டுச் சனம் பாதி பிராக்குப் பாத்துக்கொண்டு நிண்டது. கமலாசனி முன்னாலை நடந்து மரத்தடியைக் காட்டினாள். மண்மேடு, மேலை நரி கிண்டாமல் போட்ட முள்ளுக்கொப்பு. யோகலிங்கத்துக்கு அது என்னெண்டு விளங்கினது. செருப்பைக் கழட்டப் போனார், அவள் வேண்டாம் எண்டு தலையாட்டினாள்.

"உங்கட டப்பாவிலை கிடக்கிற மண்தான் ஐயா. ஒரு சாக்கு. பிள்ளைக்கு மேலை போட்டது."

"அவ்வளவும் எண்டால் பெட்டி கத்தும் அக்கா" எண்டு அவர் காதுச் சிரட்டையைக் கழட்டி அவளுக்கு மாட்டிவிட்டார். பெட்டியை மேட்டுக்கு மேலை தணிச்சுப் பிடிச்சார்.

டிக். டிக்டிக். டிக்.

கமலாசனி காத்துக்கொண்டு நிண்டாள். கண்ணை மூடினாள். டிக். டிக். வேலியடியிலை கேட்ட அதே சத்தம், வயலிலை கேக்கிற அதே சத்தம். அவர் பெட்டியை மேட்டிலை வைச்சு அமத்தினார். முள்ளு ஒரு நூல் எழும்பினது, அவ்வளவுதான்.

"ஆழமாக் கிடக்குதோ?" எண்டு கேட்டாள்.

"பிள்ளைக்கு மேலை ஒரு சாக்குப் போட்டதெண்டு சொன்னனியள்." யோகலிங்கம் குந்தியிருந்து மேட்டின்ர கரையை விரலாலை கீறினார். கொலனிச் சாம்பல் மண்தான் வந்தது. அதுக்குள்ளை இஞ்சை ஒண்டு அங்கை ஒண்டாக் கறுப்புப் பொட்டு. அவர் குரலைத் தணிச்சார். "அக்கா, அந்த மணல் இஞ்சை கிடந்திருக்கு. சிந்தினதுதான் மிச்சம். மற்றதை ஆரோ அள்ளிப்போட்டு வேறை மண் போட்டிருக்கினம்."

தலைச்சன் பிள்ளையைத் தாட்டால் காவல் வைக்கவேணும் எண்டு கொடிகாமத்திலை ஆரோ ஒருத்தி சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. தலைச்சன்ர மண்டையோட்டிலை மை செய்யிறவங்கள் இருக்கிறாங்கள். அந்த மையைப் பூசிப் பாத்தால் நிலத்துக்குக் கீழை கிடக்கிற புதையல் கண்ணுக்குத் தெரியுமாம். அதைக் கேட்ட நேரம் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். இப்ப அது ஒவ்வொரு சொல்லாத் திரும்பி வந்தது.

அவள் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள். ஏன் நடந்தாள் எண்டு அவளுக்குத் தெரியாது, காதிலை சிரட்டை மாட்டினபடி. வயர் இழுபட யோகலிங்கம் பெட்டியோடை பின்னாலை வந்தார். தாவாரத்துக்குக் கிட்ட வரக் கொஞ்சம் கூடினது. ராசன் தவழ்ந்த இடம், அது சரிதான். ஆனால் வாசலுக்குள்ளை கால் வைக்க இன்னும் கூடினது. டிக்டிக்டிக். நெல்லு மூட்டைப் பக்கம் திரும்ப, ஒரு கூரை நிறையப் பல்லி ஒண்டாச் சொன்னமாதிரிப் பெட்டி கத்தத் துவங்கினது. டப்பாவுக்குக் கத்தின கத்தல் இதுக்குக் கால்வாசி இல்லை.

சுவரோரம். சுருட்டி வைச்ச மனிசன்ர பாய்க்குக் கீழை.

கமலாசனி சிரட்டையைக் கழட்டி யோகலிங்கத்தின்ர கையிலை குடுத்தாள். மெழுகின தரை, மற்றத் தரையைவிடக் கொஞ்சம் புதுசு. அவள் தையிலை வந்த நாளிலையிருந்து அதைத் தாண்டித்தான் நடந்தவள், சாணி போட்டு மெழுகினவள். பிள்ளையைத் தோண்டி எடுத்தது தன்ர மனிசனோ? அவனுக்கும் புதையல் ஆசை வந்திட்டுதோ? பிள்ளையை வைச்சுக்கொண்டு அதுக்கு மேலை படுக்கிறானோ?

"நீங்கள் வெளியிலை நில்லுங்கோ ஐயா" எண்டு சொல்லிப்போட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

முதல் வெட்டு விழமுதல் தவராசா வாசலிலை நிண்டான். வழியிலை ஆரோ சொல்லியிருக்கவேணும், பெட்டி உங்கட காணிக்குள்ளை நிக்குது எண்டு. சைக்கிளைப் படலையடியிலை எறிஞ்சுபோட்டு வந்தவன். மூச்சு வாங்கினது.

"கிண்டாதை."

"என்ர பிள்ளையை என்ன செய்தனியள்?" அவள் கத்தேல்லை. மெதுவாத்தான் கேட்டாள்.

"கிண்டாதை கமலம். அதுக்குள்ளை அவன் இல்லை."

"பெட்டி சொல்லுது."

"பெட்டி மணலைச் சொல்லுது. மணல்தான் கிடக்கு." அவன் நிலத்திலை இருந்திட்டான். "நீ கொடிகாமத்திலை. முதல் மழைக்கு முதல் ஒருநாள் விடியப் போய்ப் பாத்தன். முள்ளுக்கொப்பு நான் போட்டமாதிரி இல்லை. அடிப்பக்கம் கிழக்கை பாக்கப் போட்டனான், மேற்கை பாத்துக் கிடந்தது. மணல் தட்டி மட்டமாக்கிக் கிடந்தது. கிண்டிப் பாத்தன். அடிவரைக்கும் மணல். மணல் மட்டும்தான்."

கமலாசனி மண்வெட்டியைச் சுவரிலை சாத்தினாள்.

"உனக்கு என்னெண்டு சொல்லுறது? சொன்னால் நீ உயிரோடை இருப்பியே? அவன் கிடந்த மணல்தானே மிச்சம். அதையாவது கொண்டந்து உள்ளுக்கை போட்டன். அதையும் ஆரும் அள்ளிக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு அதுக்கு மேலை கிடக்கிறன்."

இவ்வளவு நாளும் தன்னை வெறுத்துத் தள்ளிப் படுத்தான் எண்டு நினைச்ச மனிசன். அவளுக்கு அவனிலை கோவம் வந்தது, இரக்கமும் வந்தது. பக்கத்திலை இருந்து அவன்ர தலையைப் பிடிச்சாள். அவன் அழத் துவங்கினான், ஐப்பசியிலை அழாத அழுகை.

அவன்ர அழுகை அடங்க அவள் கேட்டாள், "சீலை கிடந்ததோ?"

பிள்ளையைச் சுத்தினது அவளின்ர பச்சைக்கரைச் சீலைத் துண்டு.

"இல்லை. சீலையும் இல்லை."

நரி எண்டால் சீலையை விட்டிட்டுப் போகும். முள்ளைத் திருப்பி வைக்கவும் நரிக்குக் கை இல்லை. அவள் எழும்பினாள், முகத்தைத் துடைச்சாள், வெளியிலை வந்தாள். வேலிக்கு அங்காலை சனம் இப்ப கூட. உள்ளுக்கை என்ன நடக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அத்தனை முகமும் அவளுக்குத் தெரிஞ்ச முகம். பிள்ளை செத்த அண்டு வந்து அழுத முகங்கள், அவளுக்குச் சோறு தீத்தின கைகள். இதுக்குள்ளை ஒரு ஆள். வெளியாள் வந்து இருட்டிலை பாலைமரத்தைத் தேடி வராது. தலைச்சன் எண்டதும், இடமும், மனிசி ஊரிலை இல்லை எண்டதும் தெரிஞ்ச ஆள்.

அவள் யோகலிங்கத்திட்டைப் போனாள். வேலிவரைக்கும் கேக்கத்தக்கதாக் கேட்டாள்.

"ஐயா, நாளைக்கு இந்தப் பெட்டி வரிசையிலை எல்லாக் காணிக்கும் போகுமே?"

"ஓம், போகவேணும்."

"வீடுகளுக்குள்ளையும் கொண்டுபோவியளோ?"

அவர் அவளைப் பாத்தார். பிறகு வேலியைப் பாத்தார். உள்ளுக்கை மனிசன் சொன்னது அவருக்கும் கேட்டுத்தான் இருக்கும், கிடுகுச் சுவர்தானே. பக்கத்திலை வந்து மெதுவாச் சொன்னார், "அக்கா, நான் பொய் சொல்லக்கூடாது. ஒரு சாக்கு மணல் எண்டபடியாத்தான் இப்பிடிக் கேட்டது. ஒரு சீலையிலை ஒட்டின மண்ணுக்குப் பெட்டி வாய் திறக்காது. தொட்டுக்கொண்டு வைச்சாலும் சந்தேகம்."

"அது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சால் போதும், தம்பி" எண்டாள் அவள். அதுவரைக்கும் 'ஐயா' எண்டவள்.

பிறகு வேலிப் பக்கம் திரும்பினாள். "என்ர பிள்ளையைக் கிடங்கிலை காணேல்லை. அவனைச் சுத்தின சீலையிலை இந்தக் கறுத்த மணல் இருக்கு. எடுத்த ஆற்றை கையிலையும் இருந்திருக்கும், வீட்டிலையும் கொட்டியிருக்கும். எவ்வளவு கூட்டினாலும் போகாது. நாளைக்கு ஐயா ஒவ்வொரு வீடா வருவார். எந்த வீட்டிலை பல்லி சொல்லுதோ சொல்லட்டும்."

யோகலிங்கம் மறுத்து ஒண்டும் சொல்லேல்லை. தோளிலை பெட்டி தன்ர பாட்டிலை டிக், டிக்டிக் எண்டு சொல்லிக்கொண்டிருந்தது. விசையை நிப்பாட்ட மறந்தாரோ, வேணுமெண்டு விட்டாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். இளையதம்பியர் "சிவ சிவா" எண்டார். அன்னபாக்கியம் சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்தினா. சனம் ஒவ்வொருத்தராப் பின்வாங்கி வீட்டுக்குப் போனது. பொழுது சாய முதலே வரிசையிலை எல்லாப் படலையும் சாத்தினபடி. எல்லா வீட்டிலும் விளக்குமாறு சத்தம் கேட்டது. ஒரு வீட்டிலை இல்லை, எல்லா வீட்டிலும். குற்றமில்லாத ஆக்களுக்கும் பயம்தானே, கருவாட்டுச் சாக்கோடை எந்த மணல் வந்து கிடக்கோ ஆர் கண்டது.

விடியத் தவராசா படலையைத் திறந்தான். திறந்தவன் அசையேல்லை. கமலாசனி பின்னாலை வந்து பாத்தாள்.

படலைக்கு வெளியிலை, நடு வழியிலை, ஒரு பனையோலைப் பெட்டி. மூடிக்கு மேலை பச்சைக்கரைச் சீலைத் துண்டு மடிச்சு வைச்சிருந்தது. அவள் அதைத் தொட்டாள். ஈரம். ராவோடை ராவா ஆரோ தோய்ச்சு, அலசி, முறுக்கிப் பிழிஞ்சிருக்கு. ஒரு மணி மணல் இல்லாமல் கழுவியிருக்கு. கழுவினாலும் பயம் போகேல்லை, கொண்டந்து வைச்சிட்டுது. பெட்டி விளிம்பிலை எண்ணெய்க் கறுப்பா ஒரு விரல் அடையாளம். மை. அவள் அதைத் தன்ர சீலைத் தலைப்பாலை துடைச்சாள். அழுத்தி, போகுமட்டும் துடைச்சாள்.

"துடைக்காதை" எண்டான் தவராசா. "அதை வைச்சு ஆரெண்டு..."

"வேண்டாம். எங்களுக்கு இஞ்சைதான் சீவியம். ஆரெண்டு தெரிஞ்சால் நீங்கள் கத்தி எடுப்பியள், பிறகு எனக்கு நீங்களும் இல்லை."

பெட்டியைத் தூக்கினாள். மூடியைத் திறக்கேல்லை. பாரம் இல்லை எண்டு சொல்லலாம், ஆனால் உள்ளுக்கை ஏதோ ஒண்டு ஒரு பக்கம் உருண்டு ஓலையிலை தட்டினது. அவள் பெட்டியை நெஞ்சோடை அணைச்சாள். உருண்டது நிண்டுது.

யோகலிங்கம் பல்லிப்பெட்டியோடை வரேக்கை தவராசா வீட்டுத் தரையைக் கிண்டிக் கறுத்த மணலைக் கடகத்திலை அள்ளிக்கொண்டிருந்தான். இனி வீடு வீடாப் போகத் தேவையில்லை எண்டு கமலாசனி அவருக்குச் சொன்னாள். அவர் தலையாட்டினார். பல்லிப்பெட்டியைத் தன்ர ஜீப்பிலை கொண்டுபோய் வைச்சிட்டுத் திரும்பி வந்து கடகத்தை ஒரு பக்கம் பிடிச்சார்.

பாலைமரத்தடியிலை தவராசா கிடங்கை ஆழமாக்கினான். "நீ உள்ளை போ" எண்டு முறைக்கு ஒருக்காச் சொல்லிப் பாத்தான்.

"போகமாட்டன். போன முறை உள்ளுக்கை இருந்தனான்."

அவளே இறங்கி வைச்சாள். அவளே மணலை அள்ளிக் கையாலை போட்டாள், முகம் இருக்கும் எண்டு நினைச்ச பக்கத்திலை மெதுவா. ஒரு பொம்பிளை கிடங்குக்குள்ளை இறங்கினதை அந்தக் கொலனி அண்டைக்குத்தான் கண்டது. ஒருத்தரும் குறை சொல்லேல்லை.

சொல்ல எல்லாரும் அங்கைதான் நிண்டவை. ஆரும் சொல்லிவிடேல்லை, எண்டாலும் வரிசையிலை ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்து நிண்டினம். வராமல் நிண்டால் அந்த வீட்டைத்தானே ஊர் பாக்கும். ஆம்பிளையள், பொம்பிளையள், ஒவ்வொருத்தராக் குனிஞ்சு ஒரு பிடி கறுத்த மணல் அள்ளிக் கிடங்கிலை போட்டினம். தவராசா ஒவ்வொரு கையாப் பாத்துக்கொண்டு நிண்டான். எல்லாக் கையும் மணல் பட்டுக் கறுத்து மினுங்கினது.

கமலாசனி கையைப் பாக்கேல்லை. மணல் போட்டிட்டு விலகின ஒவ்வொருத்தருக்கும் தலையைக் குனிஞ்சு, "வந்ததுக்குப் புண்ணியம்" எண்டு சொன்னாள். ஒருத்தரையும் விடாமல் சொன்னாள். அதுக்குப் பிறகு அவள் அந்த வரிசையிலை எத்தினையோ வருசம் இருந்தாள், பிள்ளையளும் பெத்தாள். ஒரு வீட்டிலையும் ஒரு மிடறு தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை.